9-3, 9-2: பெட்ரிசா சோல்யா என்ற இடக்கை ஆட்டக்காரர்

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் கலப்பு இரட்டையர் காலிறுதி. ஏழாவது, கடைசி கேமில் ஜெர்மனியின் பாட்ரிக் ஃபிரான்சிஸ்கா – பெட்ரிசா சோல்யா ஜோடி 9-2 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் இரண்டு புள்ளி எடுத்தால் அரையிறுதி. எதிரே ஜப்பானின் ஜுன் மிசுதானி – மிமா இத்தோ. அதற்குப் பிறகு 19 புள்ளிகள் ஆடப்பட்டன. அதில் 14 ஜப்பானுக்குப் போயின. இன்னும் ஒரே புள்ளியில் ஜெர்மனி வென்றுவிடும் என்ற ஏழு மேட்ச் பாயின்ட்களைத் தாண்டி வந்து 16-14 என்று ஜப்பான் ஜோடி வென்றது. மறுநாள் இறுதியில் சீனாவின் ஸு ஷின் – லியூ ஷிவென் ஜோடியையும் 4-3 என வீழ்த்தி, ஒலிம்பிக் டேபிள் டென்னிஸில் ஜப்பானுக்கு முதல் தங்கத்தை வாங்கித் தந்தது.

அந்தத் தங்கத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 9-2 கதை வந்துவிடும். அதில் சோல்யாவும் ஃபிரான்சிஸ்காவும் வேறொருவருடைய வெற்றிக்கான படிக்கட்டு மட்டுமே. சோல்யாவின் ஆட்ட வாழ்க்கையை அந்த ஒரு கேமை வைத்து அளப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கேமுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், இதே மிமா இத்தோவுக்கு எதிராக, இதேபோன்ற ஒரு கணக்கை அவர் தலைகீழாக்கியிருக்கிறார். அந்தத் திருப்பம் நடக்காமல் இருந்திருந்தால் ஜெர்மன் பெண்கள் அணிக்கு ஒலிம்பிக் பதக்கம் அன்று வந்திருக்காது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இவர் யார் என்று தெரியும்.

கான்டலிலிருந்து லின்ஸ் வழியாக

சோல்யா பிறந்தது 1994 மார்ச் 11. ஊர் கான்டல், தென்மேற்கு ஜெர்மனியில், பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு நகரம். அக்கா அமேலியும் டேபிள் டென்னிஸ்காரர்தான். ஆனால் இருவரும் இரு துருவம். அமேலி மேசையிலிருந்து பின்வாங்கி, பந்தைச் சீவிச் சீவித் திருப்பி அனுப்பும் தடுப்பாட்டக்காரர். பின்னாளில் ஆஸ்திரியாவுக்காக ஆடினார். தங்கை இடக்கை, மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே பிடித்துத் தட்டிவிடுபவர். ஒரே குடும்பத்தில் இரு வேறு பாணி, இரு வேறு தேசிய அணி.

சோல்யாவுக்கும் ஆஸ்திரியா அந்நியமில்லை. லின்ஸ் நகரத்து ஃப்ரோஷ்பெர்க் கழகத்துக்கு ஆடினார். ஐரோப்பியப் பெண்கள் டேபிள் டென்னிஸில் அந்தக் கழகத்தின் பெயர் பெரிது. அங்கே நட்சத்திரமாக இருந்த லியூ ஜியாவும் இடக்கை ஆட்டக்காரர். 2005-இல் ஐரோப்பியத் தனியர் பட்டம் வென்றவர். பிறகு சோல்யா பெர்லின் ஈஸ்ட்சைட் கழகத்துக்கு வந்தார், அதன் பின் ஹெஸ்ஸன் மாநிலத்தின் லாங்ஷ்டாட் கழகத்துக்கு.

ஐரோப்பிய டேபிள் டென்னிஸில் கழகம்தான் வீட்டு அடுப்பு. சம்பளம் அங்கிருந்து வருகிறது. வார இறுதிகளில் லீக் ஆட்டம், நடுவில் சாம்பியன்ஸ் லீக், இவற்றுக்கு இடையே உலகம் சுற்றும் தேசிய அணிப் பயணங்கள். சீனாவின் முன்னணி வீராங்கனை ஆண்டின் பெரும்பகுதியைத் தேசிய அணி முகாமில், தன்னைப்போலவே வலுவான இருபது பேரோடு கழிக்கிறார். ஜெர்மன் வீராங்கனைக்கும் டுசல்டோர்ஃபில் தேசிய மையம் உண்டு. ஆனால் அவர் தன் ஆண்டைக் கழகத்துக்கும் தேசிய அணிக்கும் தரவரிசைப் போட்டிகளுக்கும் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும்.

இடக்கை என்ன தருகிறது

சோல்யாவின் பதக்கப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பெரும்பாலானவை பகிர்ந்து பெற்றவை. 2013-இல் வியன்னாவை ஒட்டிய ஷ்வெஹாட்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் சபீனே விண்டரோடு இரட்டையர் தங்கம். அதே இடத்தில் அணித் தங்கமும். 2014-இலும் 2015-இலும் மறுபடி ஐரோப்பிய அணிப் பட்டம். 2019-இல் புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஃபிரான்சிஸ்காவோடு கலப்பு இரட்டையர் வெண்கலம். அதே ஆண்டு ஜூனில் மின்ஸ்க் நகரில் நடந்த ஐரோப்பிய விளையாட்டு விழாவில் அதே ஜோடிக்குத் தங்கம். டோக்கியோவுக்கான இடமும் அதோடு கையில் வந்தது.

இது தற்செயல் இல்லை. டேபிள் டென்னிஸ் இரட்டையரில் ஒரு ஜோடியின் இருவரும் மாறி மாறித்தான் பந்தை அடிக்க வேண்டும். பூப்பந்திலோ டென்னிஸிலோ போல யாருக்கு வசதியோ அவர் அடிக்கலாம் என்பது இங்கே இல்லை. நான் அடித்தவுடன் நீங்கள் வந்து நிற்க இடம் விட வேண்டும். நீங்கள் அடித்ததும் நான் திரும்ப வர வேண்டும். இருவரும் வலக்கை என்றால் இருவருக்கும் பிடித்த இடம் ஒன்றே: மேசையின் இடப்பக்க மூலை. அங்கே நின்றால்தான் ஃபோர்ஹேண்டால், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கத்து அடியால், முழு மேசையையும் பார்த்துக்கொள்ளலாம். ஒரே மூலைக்கு இருவர் போட்டி என்றால் ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி ஓடுவதைத் தவிர வழியில்லை. ஒருவர் இடக்கை என்றால் அவருக்குப் பிடித்த மூலை வலப்பக்கம். இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று, அடித்ததும் தன் பக்கம் ஒதுங்கினால் போதும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது, சர்வ் போடும் இடம். இரட்டையரில் சர்வ் எப்போதும் மேசையின் வலப்பாதியிலிருந்துதான் போக வேண்டும். வலக்கைக்காரர் தனியர் ஆட்டத்தில் பழகியது இடது மூலையிலிருந்து போடும் சர்வ். இரட்டையரில் அவர் பழகாத பாதிக்கு வந்து நிற்கிறார். இடக்கைக்காரருக்கோ வலது மூலைதான் தினமும் நிற்கும் இடம். சோல்யா போன்ற ஒருவருக்கு இரட்டையரில் சர்வ் என்பது தனியரில் போடும் அதே சர்வ்தான். அதே நிற்பு, அதே இடுப்புத் திருப்பம்.

ஆனால் உலகில் இடக்கைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் நல்ல இரட்டையர் ஆட்டக்காரர் ஆவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்த பந்து எப்படி வரும் என்று யோசித்து அடிப்பதே இரட்டையரின் வேலை. தனக்குப் புள்ளி தரக்கூடிய அடியைவிடப் பங்காளிக்கு நல்ல பந்து கிடைக்கச் செய்யும் அடி சில நேரம் மேல். சோல்யாவிடம் இருந்தது இதுதான் என்பது என் கணிப்பு. வேகத்தைக் கூட்டிக் குறைத்து, சுழலை மாற்றி, எதிராளியை ஒரு அரை அடி நகர்த்திவிட்டு ஒதுங்குவார். அடுத்த பந்தை முடிப்பவர் ஃபிரான்சிஸ்கா. கணக்கில் அது ஃபிரான்சிஸ்காவின் அடியாகத் தெரியும்.

இப்படிச் சொல்வதால் தனியரில் அவர் சாதாரணம் என்று ஆகிவிடாது. 2015-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில் லியூ ஷிவென் தங்கம், கசுமி இஷிகாவா வெள்ளி, மூன்றாவது இடம் 21 வயது சோல்யாவுக்கு. ஆசியர்கள் குத்தகைக்கு எடுத்த மேடையில் ஒரு ஐரோப்பியப் பெண் நின்ற நாள் அது. 2019-இலும் 2020-இலும் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில் ஐரோப்பாவின் தலைசிறந்த பதினாறு பேர் மோதும் போட்டியை வென்றார்.

ரியோ: 9-3

2016 ஒலிம்பிக்குக்கு ஜெர்மனி அனுப்பிய பெண்கள் அணியில் மூவர். ஹான் யிங், ஷான் ஷியாவ்னா, சோல்யா. முதல் இருவரும் 1983-இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் பிறந்து, ஜெர்மனிக்கு வந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள். பயிற்சியாளர் ஜியே ஷோப்பும் சீனாவில் பிறந்தவர். முன்பு ஜெர்மனிக்காக ஆடியவர். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர் சோல்யா ஒருவரே. மற்ற இருவரையும்விடப் பதினோரு வயது இளையவர்.

இப்படிப்பட்ட அணிகளைப் பற்றி ஐரோப்பாவில் முணுமுணுப்பு எப்போதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மூவரின் ஆட்டத்தைப் பாருங்கள். ஹான் யிங் தடுப்பாட்டக்காரர். மேசையிலிருந்து தள்ளி நின்று எதிராளியின் பொறுமையைச் சோதிப்பவர். ஷான் ஷியாவ்னா பேக்ஹேண்டில், அதாவது கையைப் புறமாகத் திருப்பி அடிக்கும் பக்கத்தில், சிறு புடைப்புகள் வெளியே தெரியும் பிம்பிள் ரப்பர் வைத்து, பந்தை வேறொரு வேகத்தில் தட்டையாகத் திருப்புபவர். சோல்யா இடக்கைத் தாக்குதல். ஒரே அணியில் மூன்று விதமான பந்து வருகிறது. எதிரணி எந்த ஒன்றுக்கும் கை பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். தற்செயலாகச் சேர்ந்த கூட்டம் இல்லை இது. யோசித்துக் கட்டிய அணி.

ஆகஸ்ட் 14 அரையிறுதியில் எதிரணி ஜப்பான். முதல் ஆட்டம் சோல்யா – மிமா இத்தோ. இத்தோவுக்கு அப்போது 15 வயது. பேக்ஹேண்டில் குட்டைப் பிம்பிள் ரப்பர். மேசை மேலேயே நின்று யாரும் எதிர்பார்க்காத நொடியில் அறைந்துவிடும் சிறுமி. ஆட்டம் ஐந்தாவது கேமுக்குப் போனது. அதில் இத்தோ 9-3 என்று முன்னேறினார். அங்கிருந்து கேமும் ஆட்டமும் சோல்யாவுக்குப் போயின.

இந்த ஒரு ஆட்டத்தின் எடையைப் புரிந்துகொள்ள அடுத்த நான்கையும் பார்க்க வேண்டும். இரண்டாவதில் இஷிகாவா ஹான் யிங்கை வென்றார். மூன்றாவது இரட்டையர், சோல்யாவும் ஷான் ஷியாவ்னாவும் அய் ஃபுகுஹாரா – இத்தோ ஜோடியை வென்றார்கள். நான்காவதில் இஷிகாவா மறுபடி வென்று 2-2 ஆக்கினார். ஐந்தாவதில் ஹான் யிங் ஃபுகுஹாராவை ஐந்து கேம்களில் மடக்கினார். கடைசிப் பந்து மேசை விளிம்பில் உரசிப் போயிற்று. ஜெர்மனி 3-2.

ஜெர்மனியின் மூன்று வெற்றிகளில் இரண்டில் சோல்யாவின் கை இருக்கிறது. 9-3-இல் அவர் விட்டிருந்தால் ஹான் யிங்குக்கு ஐந்தாவது ஆட்டமே கிடைத்திராது. இறுதியில் சீனா 3-0 என்று வென்றது. அங்கே அதிசயம் எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெர்மன் பெண்களுக்கு டேபிள் டென்னிஸில் முதல் ஒலிம்பிக் பதக்கம் வந்தது, வெள்ளியாக. ஜப்பான் வெண்கலம் வென்றது. 15 வயதில் கழுத்தில் பதக்கத்தோடு நின்ற இத்தோவுக்கு அந்த 9-3 எவ்வளவு நாள் உறுத்தியிருக்கும் என்பதை டேபிள் டென்னிஸ் ஆடிய எவராலும் ஊகிக்க முடியும்.

முன்னிலை என்பது என்ன

இங்கே கொஞ்சம் கணக்கு. இரு தரப்பும் சமபலம், ஒவ்வொரு புள்ளியும் ஐம்பதுக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். 3-9 பின்தங்கியவர் அந்தக் கேமை வெல்லும் வாய்ப்பு 256-இல் 5. சுமார் 51-க்கு ஒரு முறை. 2-9 என்றால் 512-இல் 5.5, அதாவது ஏறத்தாழ 93-க்கு ஒரு முறை. அரிது, ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஒரு முழுப் போட்டியில் நடக்கும் அத்தனை கேம்களையும் எண்ணினால் இப்படி ஒன்றிரண்டு எங்காவது நடக்கத்தான் செய்யும். அது ஒலிம்பிக்கின் கடைசிக் கேமில் நடந்தால்தான் உலகம் பார்க்கிறது.

2001 வரை ஒரு கேம் 21 புள்ளி. அதை 11 ஆகக் குறைத்ததிலிருந்து முன்னிலைகள் நிலைக்கும் விதம் மாறிவிட்டது. சர்வ் இரண்டு புள்ளிக்கு ஒரு முறை கை மாறுகிறது. 10-10 ஆகிவிட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும். முன்னால் நிற்பவர் "இன்னும் இரண்டுதானே" என்று பந்தைப் பத்திரமாக வைக்கத் தொடங்குகிறார். பின்னால் நிற்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை. கையைக் கட்டவிழ்த்து அடிக்கிறார். நாலு பந்து சரியாக விழுந்தால் இருவருடைய மனநிலையும் இடம் மாறிவிடுகிறது.

டோக்கியோ கேமுக்கு இன்னொரு விளக்கமும் சொல்லப்படுவதுண்டு. இரட்டையரில் கடைசி கேமில் ஏதாவது ஒரு ஜோடி 5 புள்ளியைத் தொட்டதும் பக்கம் மாறுவார்கள். பந்தை எதிர்கொள்ளும் வரிசையும் மாறும். அதுவரை இத்தோவின் பந்தை வாங்கியவர் அதன் பின் மிசுதானியின் பந்தை வாங்க வேண்டும், மற்றவருக்கு நேர்மாறு. கலப்பு இரட்டையரில் இந்த வரிசை பெரிய விஷயம். ஆணின் கனமான டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) யாரிடம் போகிறது என்பதை வைத்தே பல கேம்கள் முடிவாகின்றன. ஆக, வரிசை மாறியதுதான் ஜெர்மனியைக் கவிழ்த்தது என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 9-2 என்ற நிலைக்கு வர, முதலில் 5-ஐத் தொட்டது ஜெர்மன் ஜோடிதான். அப்போது ஜப்பானிடம் அதிகபட்சம் இரண்டு புள்ளி. அதாவது வரிசை மாறிய பிறகும் ஜெர்மன் ஜோடி 5-லிருந்து 9 வரை போயிருக்கிறது. புதிய வரிசையிலும் அவர்கள் நன்றாகவே ஆடினார்கள். கவிழ்ந்தது அதற்குப் பிறகு. வரிசையின்மேல் பழி போட முடியாது. நடுங்கிவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லவும் முடியாது. 10-10-க்குப் பிறகும் ஜெர்மன் ஜோடி நான்கு புள்ளி எடுத்திருக்கிறது. மனம் உடைந்தவர்கள் டியூஸில், அதாவது 10-10-க்குப் பிந்தைய ஆட்டத்தில், நான்கு முறை எழுந்து வர மாட்டார்கள்.

எதிரே இருந்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். மிசுதானியும் இத்தோவும் ஷிசுவோகா மாகாணத்தின் இவாத்தா என்ற ஒரே ஊர்க்காரர்கள். இத்தோ சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். மிசுதானியும் இடக்கை. ஆக, இரு பக்கமும் இடக்கை–வலக்கை ஜோடி. இரு பக்கமும் அந்த வசதி சமம். ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் முதன்முறையாக ஆடப்பட்டது டோக்கியோவில்தான். மொத்தம் 16 ஜோடி. சென்னையின் சரத் கமல் மணிகா பத்ராவோடு அந்தப் பதினாறில் ஒரு ஜோடியாக இறங்கி, முதல் சுற்றில் தைவானின் லின் யுன்-ஜூ – செங் ஐ-சிங் ஜோடியிடம் தோற்றார். நான்கு வெற்றி போதும் தங்கத்துக்கு. ஒரு கேம் புரண்டால் நிறமே மாறிவிடும் அளவுக்குச் சிறிய போட்டி அது.

வார்சாவிலிருந்து டோக்கியோவுக்கு ஒரு மாதம்

டோக்கியோ தோல்வி இவ்வளவு வலிக்கக் காரணம் அதற்குச் சரியாக முந்தைய மாதம். 2020-இல் நடந்திருக்க வேண்டிய ஐரோப்பியச் சாம்பியன்ஷிப், பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2021 ஜூன் கடைசியில் வார்சாவில் நடந்தது. சோல்யா தனியர் இறுதியில் அணித்தோழி ஷான் ஷியாவ்னாவை வென்று ஐரோப்பியச் சாம்பியன் ஆனார். 1996-இல் நிக்கோல் ஷ்ட்ரூசேயும் 2009-இல் வூ ஜியாடுவோவும் ஜெர்மனிக்கு வென்று தந்த பட்டம் அது. கலப்பு இரட்டையரில் டாங் சியூ – நீனா மிட்டல்ஹாம் ஜோடி ஜெர்மனிக்கு இன்னொரு தங்கம் வென்றது. ஆண்கள் தனியரில் ஜெர்மனியின் டிமோ போல் (Timo Boll) தன் எட்டாவது பட்டத்தை வென்றார். அதனால் பத்திரிகை வெளிச்சம் பெரும்பாலும் அவர் மேல் விழுந்தது. அது நியாயம்தான் என்றாலும், அதே போட்டியில் தனியர் பட்டம் வென்ற ஒரு பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்திருக்கலாம்.

27 வயது. ஆட்டத்தின் உச்சம். ஒரு மாதம் கழித்து டோக்கியோவில் 9-2. அதோடு முடியவில்லை, அணிப் போட்டி பாக்கி இருந்தது. அதே மூவர்: ஹான் யிங், ஷான் ஷியாவ்னா, சோல்யா. காலிறுதியில் தென்கொரியாவை 3-2 என்று கடந்தார்கள். அரையிறுதியில் சீனாவிடம் 0-3. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஹாங்காங்கிடம் 1-3. நான்காவது இடம். ஃபிரான்சிஸ்கா ஆண்கள் அணியில் வெள்ளியோடு ஊர் திரும்பினார். சோல்யாவின் கையில் டோக்கியோவிலிருந்து எதுவும் இல்லை.

ஒருவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த வாரமும் மிகக் கொடிய வாரமும் இவ்வளவு நெருக்கத்தில் அமைவது விளையாட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

28 வயதில்

2022 ஆகஸ்டில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் ஜெர்மனியிலேயே, மியூனிக்கில் நடந்தது. சொந்த மண், சொந்தப் பார்வையாளர்கள், கையில் இருக்கும் பட்டம். சோல்யா ஆடவில்லை. இறுதிவரை வந்த நீனா மிட்டல்ஹாம் தோள் காயத்தால் பாதியில் விலக, பட்டம் ஆஸ்திரியாவின் சோஃபியா போல்கனோவாவுக்குப் போனது. போல்கனோவாவும் இடக்கை. அந்த ஆண்டிலேயே, 28 வயதில், சோல்யா சர்வதேச ஆட்டத்தை விட்டு விலகினார்.

அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறது. "இன்னும் ஆறேழு வருஷம் ஆடியிருக்கலாமே" என்கிறார்கள். ஹான் யிங் 38 வயதில் டோக்கியோவில் தனியர் காலிறுதி வரை போனார் என்று உதாரணம் காட்டுகிறார்கள். 2013-இல் சோல்யாவோடு இரட்டையர் தங்கம் வென்ற சபீனே விண்டர் இன்னும் வலுவான உதாரணம்: சோல்யாவைவிட மூத்தவர், முப்பதைத் தாண்டிய பின் பேக்ஹேண்டில் ஆன்டி ரப்பருக்கு (பந்தின் சுழலைப் பிடிக்காத வழுக்கு ரப்பர்) மாறி, தன் ஆட்டத்தையே திருப்பிப் போட்டு, 2025-இல் தரவரிசையில் தன் வாழ்நாளின் உயர்ந்த இடங்களைத் தொட்டார். எல்லாம் உண்மை. ஆனால் தடுப்பாட்டக்காரரின் வயதும், தாக்கி ஆடுபவரின் வயதும், மனத்தின் வயதும் ஒன்றல்ல. ஒருவரால் முடிந்தது என்பதால் இன்னொருவர் செய்தே ஆக வேண்டும் என்ற கடமை பிறப்பதில்லை.

விலகுவதற்கான காரணம் அவருக்கு உரியது. அதைத் தோண்டுவது என் வேலை இல்லை. ஆனால் அவர் ஆடிய சூழலைச் சொல்லலாம். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கும் முழுநேரப் பயிற்சி. கழகம், தேசிய அணி, தரவரிசை என்று மூன்று எசமானர்கள். 2021-இல் புதிய உலகச் சுற்று தொடங்கிய பிறகு நாள்காட்டி இன்னும் இறுகியது. 2024 டிசம்பரில் ஒலிம்பிக் சாம்பியன்களான சீனாவின் ஃபான் ஷென்டாங்கும் சென் மெங்கும், போட்டியிலிருந்து விலகினால் அபராதம் என்ற விதியைக் காரணம் காட்டித் தரவரிசையிலிருந்தே வெளியேறினார்கள். உலகின் மிகப் பெரிய ஆதரவு அமைப்பு பின்னால் நிற்கும் இருவருக்கே அந்தச் சுமை தாங்கவில்லை. அப்படியிருக்க, கழகச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு அதே மேடைகளில் நின்ற ஒரு ஐரோப்பியப் பெண் 28 வயதில் போதும் என்று சொன்னதை ஒரு குறையாக எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

அவர் விட்டுச் சென்ற இடம்

சோல்யா போன பிறகு ஜெர்மனி தனியரில் பெரிதாகத் தடுமாறவில்லை. 2022-இல் செங்டூ உலக அணிச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. புதிய பயிற்சியாளர் டமாரா போரோஷ், தன் காலத்தில் குரோஷியாவின் பெரிய வீராங்கனை. அவர் கையில் புதிய தலைமுறை உருவானது.

2024 பாரிஸில் அந்த அணி சோதனைக்கு வந்தது. ஹான் யிங் குதிகால் தசைநார்க் காயத்தால் வரவில்லை. மிட்டல்ஹாம் முதுகு வலியால் நடுவில் விலகினார். மாற்று வீராங்கனையாக வந்த 18 வயது அனெட் காஃப்மன், இவரும் இடக்கை, அணியைத் தோளில் சுமந்தார். காலிறுதியில் இந்தியாவின் மணிகா பத்ராவையும் ஸ்ரீஜா அகுலாவையும் அடுத்தடுத்து வென்று 3-1 ஆக்கினார். அரையிறுதியில் மறுபடியும் ஜப்பான். ரியோவில் கடந்த சுவரை இம்முறை கடக்க முடியவில்லை, 1-3.

பாரிஸில் அணி ஆட்டத்தின் வரிசை மாறியிருந்தது. ரியோவில் மூன்றாவதாக வந்த இரட்டையர் இப்போது முதலில். காஃப்மனைத் தனியர் இரண்டுக்கும் ஒதுக்கியதால் இரட்டையரில் யுவான் வானும், 41 வயதான ஷான் ஷியாவ்னாவும் இறங்கினார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே தென்கொரியாவின் ஷின் யூ-பின் – ஜியோன் ஜி-ஹீ ஜோடி. ஐந்து கேம் வரை இழுத்தும் ஜெர்மன் ஜோடி 2-3 என்று தோற்றது. அடுத்த இரண்டு தனியர் ஆட்டங்களும் 0-3, 0-3 என்று போயின. ஜெர்மனிக்கு மறுபடியும் நான்காம் இடம். அன்று ஷான் ஷியாவ்னாவுக்குப் பக்கத்தில், ரியோவில் ஃபுகுஹாராவையும் இத்தோவையும் வென்றபோது இருந்ததுபோல், வலது மூலையிலிருந்து சர்வ் போடும் சோல்யா இருந்திருந்தால் அந்த ஐந்தாவது கேம் வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.